எர்த் பின்னை வெட்டச் சொன்ன கட்டுரைக்கு மறுப்பு

சென்ற இதழில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களுக்கு மின்பாதுகாப்பு பற்றி அறிவுரை சொல்லும் கட்டுரை ஒன்று வந்தது. சர்ஜ் புரொடெக்டர் என்பதே வியாபாரத் தந்திரம் என்பது அதன் வாதம். இன்றைய டிவிகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதால் தனிப் பாதுகாப்பு தேவையில்லையாம். பயமாக இருந்தால் ஸ்டெபிலைசர் போதுமாம். கேபிள் வயரில் சிக்னல்தான் வருகிறது, கரண்ட் வருவதில்லை என்கிறார். ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்கிறார். நேரடியாக இடி விழுந்தால் எதுவும் காப்பாற்றாது, பிறகு எதற்கு வீண்செலவு என்று முடிக்கிறார். இவற்றில் சிலவற்றில் பாதி உண்மை உண்டு. மற்றவை தவறு. எர்த் பின் பற்றிச் சொன்னது தவறு மட்டுமல்ல, ஆளைக் கொல்லக் கூடியது. அதனால்தான் இந்த மறுப்பைக் கடுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 100–240. டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எண் அது. தொடர்ந்து வரும் சப்ளை அந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை ஒழுங்காக வேலை செய்யும் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். சர்ஜ் என்று சொல்லும், சில மைக்ரோ விநாடிகளில் வந்து மோதும் ஆயிரக்கணக்கான வோல்ட் அதிர்ச்சியைத் தாங்கும் என்று எந்த நிறுவனமும் அதில் அச்சடிக்கவில்லை. அதற்கான கணக்கு வேறு. நம்முடையதைப் போன்ற 230/400 வோல்ட் சப்ளைக்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் வகுத்திருக்கும் அளவுகள் இவை: மீட்டர் இருக்கும் இடத்துக் கருவிகள் 6,000 வோல்ட் அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், டிபி பாக்ஸும் வயரிங்கும் 4,000, பிளக்கில் செருகும் சாதாரண வீட்டுப் பொருள் 2,500, மென்மையான மின்னணுக் கருவி 1,500. மீட்டருக்கும் டிவிக்கும் நடுவில் எங்காவது அந்த 6,000 வோல்ட்டைக் கீழே இறக்கியாக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுதான் இந்த வரிசையே போடப்பட்டிருக்கிறது. எங்கே, எதைக் கொண்டு இறக்குவது? கட்டுரையாளர் அந்தக் கேள்வியின் பக்கமே போகவில்லை. ஸ்டிக்கரைப் படித்தார், தீர்ப்பு எழுதிவிட்டார்.

மின்னலே இல்லாமல் டிவி எரியும் வழியும் ஒன்று இருக்கிறது. அதையும் அவர் தொடவில்லை. தெருவில் வரும் மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால், அல்லது கம்பத்தில் அதன் இணைப்பு தளர்ந்தால், லோடு குறைவாக ஓடும் வீட்டில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325 வோல்ட். 400-இன் உச்சம் 565. டிவியின் பவர் போர்டில் நிற்கும் பெரிய கெபாசிட்டரோ பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. வெடிக்காமல் என்ன செய்யும்? ஒரே இரவில் ஒரு தெருவின் பல வீடுகளில் டிவி, ஃப்ரிட்ஜ், எல்இடி பல்பு எல்லாம் சேர்ந்து போய்விட்டன என்று கேள்விப்படுகிறோமே, அது பெரும்பாலும் இந்தக் கோளாறுதான். 240 வரைக்கும் என்று எழுதிய ஸ்டிக்கர் அங்கே யாரையும் காப்பாற்றியதில்லை.

ஹை கட்-ஆஃப் உள்ள நல்ல ஸ்டெபிலைசர் இந்த நியூட்ரல் கோளாறில் உதவும். வோல்டேஜ் எல்லை மீறியதும் ரிலே துண்டித்துவிடும். அந்த அளவில் அவர் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அதே ஸ்டெபிலைசர் மின்னல் சர்ஜையும் தடுக்கும் என்று அவர் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பரிசோதனைக் கூடங்களில் பயன்படுத்தும் தரநிலை சர்ஜ் அலை 1.2 மைக்ரோ விநாடியில் உச்சத்துக்கு ஏறி, 50 மைக்ரோ விநாடியில் பாதியாக இறங்கிவிடும். ரிலே தட்டுவதற்கு ஆகும் நேரமோ மில்லி விநாடிக் கணக்கு. 10 மில்லி விநாடி என்று வைத்துக்கொண்டாலும் அது 10,000 மைக்ரோ விநாடி. ரிலே அசையத் தொடங்கும்போது சர்ஜ் டிவிக்குள் போய், செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருக்கும். தவிரவும் வீட்டு ஸ்டெபிலைசர்களில் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். உள்ளே வரும் நியூட்ரலும் வெளியே போகும் நியூட்ரலும் ஒரே கம்பி. சர்ஜ் அதைத் தாண்டிப் போவதற்குத் தடை ஏதும் இல்லை. சில மாடல்களில் உள்ளே எம்ஓவி என்ற, சர்ஜ் புரொடெக்டர்களில் இருக்கும் பாகத்தையே வைத்திருப்பார்கள். அப்படியானால் காப்பாற்றுவது அந்த எம்ஓவி. அதைத்தான் கட்டுரையாளர் வியாபாரத் தந்திரம் என்றார்.

இனி கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய அறியாமை முழுதாக வெளிப்படுவது இங்கேதான்.

கேபிள் வயரில் கரண்ட் கிடையாது என்பதே தவறு. தெருவில் ஓடும் கேபிள் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றுக்கு அதே கோஆக்சியல் கம்பி வழியாகத்தான் பவர் அனுப்புகிறார்கள். வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் டிடிஎச் டிஷ்ஷின் எல்என்பிக்கு செட்டாப் பாக்ஸ் 13 அல்லது 18 வோல்ட்டை அதே வயரில் ஏற்றுகிறது. அதை விடுங்கள். சர்ஜ் வருவதற்குக் கம்பியில் முன்கூட்டியே கரண்ட் இருக்க வேண்டும் என்று எந்த இயற்பியல் சொல்கிறது? நீளமான செம்பு இருந்தால் போதும். பக்கத்தில் எங்கோ இறங்கும் மின்னலின் காந்தப்புலம் அந்தச் செம்பில் வோல்டேஜைத் தூண்டிவிடும். மின்னல் பாதுகாப்புக்கான ஐஎஸ்/ஐஇசி 62305 தரநிலை, ஒரு லைனுக்கு இரு பக்கமும் 2 கிலோமீட்டர் தூரம்வரை விழும் மின்னலையும் ஆபத்துக் கணக்கில் சேர்க்கிறது. நம் ஊர்க் கேபிள் எப்படி வருகிறது என்று வாசலில் நின்று பாருங்கள். மின்கம்பத்திலிருந்து பக்கத்து வீட்டு மாடிக்கு, அங்கிருந்து தென்னைமரத்துக்கு, மரத்திலிருந்து நம் வீட்டு ஜன்னலுக்கு. வழியில் பெரும்பாலும் எந்த இடத்திலும் அதன் வெளிக்கவசம் முறையாக எர்த் செய்யப்பட்டிருக்காது. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சிறிய எர்த் கிளாம்ப்கூட இருக்காது. நேராக செட்டாப் பாக்ஸின் முதுகில் போய் ஏறும்.

அங்கிருந்து அது எங்கே போகிறது என்பதுதான் ஹோம் தியேட்டர்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ, ஏவி ரிசீவருக்கு. ரிசீவரிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ, டிவிக்கோ கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்கோ. கேம் கன்சோல், புளூரே பிளேயர், சப்வூஃபர் எல்லாம் அதே ரிசீவரில் வந்து சேர்கின்றன. எச்டிஎம்ஐயின் சிக்னல் கம்பிகள் 3.3 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றில் இருக்கும் பாதுகாப்பு டயோடுகள், கம்பளத்தில் நடந்துவந்து போர்ட்டைத் தொடும் விரலின் சிறு பொறியைத் தாங்கத்தான் போதும். இடி மழைக்கு மறுநாள் சர்வீஸுக்கு வரும் டிவிகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: பவர் ஆன் ஆகும், ஆப்கள் ஓடும், ஆனால் எச்டிஎம்ஐ மூன்றில் ஒன்றும் வேலை செய்யாது. சப்ளை வழியாக அடி விழுந்திருந்தால் முதலில் போவது பவர் போர்டு. பவர் போர்டு நன்றாக இருந்து எச்டிஎம்ஐ செத்திருந்தால் சந்தேகம் சிக்னல் கம்பியின் மீதுதான் போக வேண்டும். கேபிளில் ஒன்றும் வராது என்று எழுதுமுன் கட்டுரையாளர் ஒரு சர்வீஸ் சென்டரில் அரை நாள் உட்கார்ந்திருக்கலாம்.

இதன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் புரியும். இடி மழையில் மரத்தடியில் நின்ற மாடு செத்துப்போகிறது. மின்னல் மாட்டின் மேல் விழுந்திருக்க வேண்டியதில்லை. மரத்தில் இறங்கி மண்ணில் பரவும்போது, முன்னங்கால் நிற்கும் இடத்துக்கும் பின்னங்கால் நிற்கும் இடத்துக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் ஏற்படுகிறது. அந்த வித்தியாசம் மாட்டின் உடல் வழியே பாய்கிறது. டிவியும் அப்படித்தான் நிற்கிறது. ஒரு கால் மின்வாரிய லைனில், இன்னொரு கால் கேபிள் லைனில். இரண்டும் சேர்ந்தே 5,000 வோல்ட் ஏறினாலும் டிவிக்கு ஒன்றும் ஆகாது. ஒன்று மட்டும் ஏறி மற்றது அப்படியே நின்றால், அந்த வித்தியாசம் முழுவதும் மெயின் போர்டின் மேல் விழும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சர்ஜ் ஆய்விலேயே வாழ்நாளைக் கழித்த பிரான்சுவா மார்ட்ஸ்லாஃப் இதைப் பல காலம் எழுதிவந்தார். அவரும் சேர்ந்து எழுதி, அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2001-இல் பொதுமக்களுக்காக வெளியிட்ட ‘சர்ஜஸ் ஹேப்பன்’ என்ற கையேடு, பவர் லைனோடு டெலிபோன் அல்லது கேபிள் லைனும் சேரும் கருவிகளைத் தனியே பிரித்து எச்சரிக்கிறது. பவருக்கு மட்டும் பாதுகாப்புப் போட்டு, கேபிளைச் சும்மா விட்டால் அது போதாது என்பதே அதன் சாரம். இரண்டும் ஒரே பெட்டி வழியாகப் போய், ஒரே எர்த்தைப் பார்க்க வேண்டும். அந்த நாட்டு மின்விதி, கேபிளின் வெளிக்கவசம் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே வீட்டின் மின் எர்த்தோடு சேர்க்கப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. நம்மிடமும் ஐஎஸ்/ஐஇசி 62305-இன் நான்காம் பகுதி கட்டடத்துக்குள் இருக்கும் மின்னணுக் கருவிகளுக்கென்றே எழுதப்பட்டது. வெளியிலிருந்து நுழையும் எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் பிணைப்பது அதன் முதல் பாடம். அது வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் நம் குறை. கட்டுரையாளர் செய்திருக்க வேண்டியது அதைக் கொண்டுவந்து சேர்ப்பது. அவர் நேர் எதிராகச் செய்திருக்கிறார்.

அந்த எதிர்வேலைதான் எர்த் பின். சப்வூஃபரிலோ ரிசீவரிலோ 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால், புரொஜெக்டர் அல்லது கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறார். உறுமல் நிற்கும், உண்மைதான். கேபிளின் கவசம் ஒரு எர்த்தையும் புரொஜெக்டர் இன்னொரு எர்த்தையும் பார்ப்பதால் உண்டாகும் சுற்று அறுந்துவிடுவதால் நிற்கிறது. கூடவே என்ன ஆகிறது? அந்தக் கருவியின் உலோக உடலுக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் அறுந்துவிடுகிறது. பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாக அந்த உடலில் சப்ளையின் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், எப்போதும் நிற்கும். தொட்டால் சுள்ளென்று இருப்பது அதுதான். அதன் கரண்ட் மிகக் குறைவு என்பதால் உயிர் போகாது. ஆனால் உள்ளே இன்சுலேஷன் கெட்டு ஃபேஸ் உடலைத் தொட்டுவிட்டால் நிற்பது முழு 230 வோல்ட். எர்த் இருந்திருந்தால், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்த நொடியே விழுந்திருக்கும். எர்த் இல்லாத கருவியில் யாராவது தொடும்வரை எதுவும் விழாது. எச்டிஎம்ஐ வழியாக அந்த ஃபேஸ் ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து கேபிள் கவசத்துக்கும், அங்கிருந்து மாடியில் கேபிளைச் சரிசெய்துகொண்டிருக்கும் பையனின் கைக்கும் போகும். இதை எல்லாரும் படிக்கும் ஒரு பத்திரிகையில், ஒலித்தரத்துக்கான குறிப்பு என்ற பெயரில் எழுத இவருக்கு எப்படி மனம் வந்தது? ஆர்சிசிபியே இல்லாத பழைய வீடுகளில் வாழும் வாசகர்கள் இந்தப் பத்திரிகைக்கு இல்லையா?

உறுமலுக்கு முறையான வழி இருக்கிறது. கேபிள் லைனில் டிரான்ஸ்பார்மர் வகை ஐசொலேட்டர் ஒன்றைச் செருகலாம். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து பவர் எடுக்கலாம். செட்டாப் பாக்ஸிலிருந்து ஒலியை ஆப்டிகல் கேபிளில் கொண்டுபோகலாம். எதிலும் எர்த்தில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆடியோவுக்கென்று தனி எர்த் குழி தோண்டும் பழக்கத்தையும் அவர் போகிறபோக்கில் பாராட்டியிருக்கிறார். தோட்டத்தில் தனியாகக் கரியும் உப்பும் போட்டு ஒரு குழி, அதிலிருந்து நேராக ரிசீவருக்கு ஒரு கம்பி. ஒலி சுத்தமாகும் என்று நம்பிப் பலர் செய்கிறார்கள். வீட்டின் மெயின் எர்த்தோடு பிணைக்காத தனிக் குழி, மின்னல் நேரத்தில் மிக மோசமான அமைப்பு. 10 ஓம் உள்ள ஓர் எர்த் குழியில் 5,000 ஆம்பியர் இறங்கினால், அந்தக் குழியின் மின்னழுத்தம் 50,000 வோல்ட் ஏறும். மற்றக் குழி ஏறாது. நடுவில் ரிசீவர். குழிக்குப் போகும் கம்பியின் நீளமும் சேரும். ஒரு மீட்டர் கம்பிக்கு சுமார் ஒரு மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. மைக்ரோ விநாடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறும் கரண்ட் அதில் ஓடினால், அந்த ஒரு மீட்டரிலேயே 1,000 வோல்ட் நின்றுவிடும். 20 மீட்டர் தள்ளி எவ்வளவு நல்ல குழி இருந்தாலும் அந்த நொடியில் அது வெகு தொலைவில் இருக்கிறது. சர்ஜ் புரொடெக்டரின் இணைப்புக் கம்பிகள் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தரநிலைகள் வற்புறுத்துவது இதனால்தான். பாதுகாப்பு தருவது பிணைப்பு. எத்தனை குழி தோண்டினோம் என்பதில் ஒன்றும் இல்லை.

நேரடி இடிக்கு எதுவும் நிற்காது என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். பிளக்கில் செருகும் எந்தப் பெட்டியும் வீட்டின் மேல் நேராக இறங்கும் மின்னலைத் தாங்காது. அதற்கு மாடியில் இடிதாங்கி, கீழிறங்கும் கம்பி, மெயினில் டைப் 1 எஸ்பிடி (சர்ஜ் தடுப்புக் கருவி) என்று முழு ஏற்பாடு வேண்டும். சரி. ஆனால் வீட்டின் மேல் நேராக விழுவது அபூர்வம். சுற்றுவட்டாரத்தில் எங்கோ விழுந்து, லைனில் தூண்டப்பட்டு வருவதுதான் நம் கருவிகளை அதிகம் கொல்கிறது. அதைத் தடுக்க முடியும். தடுக்கக் கூடியதையும் தடுக்க வேண்டாம் என்று சொல்வதற்கு, தடுக்க முடியாத ஒன்றைக் காரணமாகக் காட்டுவது நேர்மையான வாதம் அல்ல.

சந்தையில் ஸ்பைக் கார்டு என்ற பெயரில் விற்பதில் பாதிக்கு மேல் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று அவர் எழுதியதில் அளவு எனக்குத் தெரியாவிட்டாலும், அப்படிப்பட்டவை ஏராளம் என்பது உண்மை. ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, நான்கு சாக்கெட். சிலவற்றில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஒரே ஒரு சின்ன எம்ஓவி. எர்த்துக்குப் போகும் வழி கிடையாது. எம்ஓவியும் நிரந்தரம் இல்லை. ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் தொடர்ந்து நின்றால் சூடேறித் தீப்பிடிக்கும். வெப்பத் துண்டிப்பு இல்லாத மலிவுச் சரக்கை மர அலமாரிக்குள் வைப்பது ஆபத்து. இதையெல்லாம் அவர் விளக்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். போலியைக் காட்டி அசலும் வேண்டாம் என்றல்லவா அவர் முடித்திருக்கிறார்.

என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாமல் மறுப்பு மட்டும் எழுதுவது சரியல்ல. டிபி பாக்ஸில் ஒரு டைப் 2 எஸ்பிடியும், அதனுடன் ஓர் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃபும் போட வேண்டும். முதலாவது மின்னலுக்கு, இரண்டாவது நியூட்ரலுக்கு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கேபிள் அல்லது டிஷ் வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு கிரவுண்டு பிளாக் வைத்து, கேஸ் டிஸ்சார்ஜ் வகை அரெஸ்டர் ஒன்றையும் சேர்த்து, வீட்டின் அதே மெயின் எர்த்துக்குக் குட்டையான, தடித்த கம்பியால் பிணைக்க வேண்டும். கேபிள் ஒரு மூலையிலும் மீட்டர் இன்னொரு மூலையிலும் இருந்தால், கேபிளை மீட்டர் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவருவதே மேல். டிவி அலமாரியில் பவர், கேபிள் இரண்டையும் ஒன்றாக வாங்கிக் கொடுக்கும் ஒரே புரொடெக்டரை வைக்க வேண்டும். புரொஜெக்டரின் பவரையும் கூரையில் பக்கத்தில் கிடைத்த பாயிண்டிலிருந்து எடுக்காமல் அதே இடத்திலிருந்து இழுங்கள். 10, 12 மீட்டர் எச்டிஎம்ஐயின் இரு முனையும் இரு வேறு சர்க்யூட்டில் நிற்பது அழிவுக்கு அழைப்பு. ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது என்றால் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது என்பது நிம்மதி. இருந்தாலும் அந்த வயரைத் தாங்கி வரும் இரும்புக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

இடி கேட்கத் தொடங்கியதும் சுவிட்ச்சை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரலும் எர்த்தும் கேபிளும் அப்படியே டிவியோடு இருக்கும். கோடை மழையிலும் ஐப்பசியின் மாலை மழையிலும் செய்ய வேண்டியது பிளக், கேபிள் இரண்டையும் உருவி எடுப்பது. இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். மின்னிக்கொண்டிருக்கும்போது போய்க் கேபிளைத் தொடாதீர்கள்.

அந்தக் கட்டுரையை நம்பி யாராவது எர்த் பின்னை எடுத்திருந்தால், இன்றைக்கே அந்தப் பிளக்கை மாற்றுங்கள். மற்றதை அடுத்த மாதம் செய்யலாம், இதைத் தள்ளிப்போட முடியாது. எழுதியவர் தன் மற்றக் கருத்துகளுக்காக என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடட்டும். எர்த் பின் பற்றிய வரிகளை மட்டும், காரணம் சொல்லி, அடுத்த இதழிலேயே அவர் திரும்பப் பெற வேண்டும். ஆசிரியர் குழுவும் அந்தத் திருத்தத்தை அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.